பசு ஒரு வீட்டு விலங்கு: பள்ளி ஆங்கிலக் கட்டுரையின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

1

நம் பள்ளிக்கூடங்களில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டு வரும் கதை ஒன்று உண்டு. ஒரு பையன் ஆங்கிலப் பரீட்சைக்குப் பசுவைப் பற்றிய கட்டுரையை மட்டும் நெட்டுருப் போட்டுக்கொண்டு போனான். கேள்வித்தாளில் தென்னை மரம் வந்துவிட்டது. பையன் அசரவில்லை. இது ஒரு தென்னை மரம், இந்த மரத்தில் ஒரு பசு கட்டப்பட்டிருக்கிறது, பசு ஒரு வீட்டு விலங்கு, அதற்கு நான்கு கால்கள், இரண்டு கொம்புகள், ஒரு வால் என்று எழுதி முடித்துவிட்டு வெளியே வந்தான்.

கேட்டவுடன் எல்லாரும் சிரிக்கிறோம். கதையைச் சொல்லும் வாத்தியாரும் சிரிக்கிறார். நானும் பலமுறை சிரித்திருக்கிறேன். யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்று யோசித்ததில்லை. சொந்தமாக நாலு வரி ஆங்கிலம் எழுத வராத பையன் ஒருவன் நம் எல்லார் வீட்டிலும் இருந்திருக்கிறான். பல வீடுகளில் அவன்தான் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன். கிராமத்துப் பையன், சேரிப் பையன், அரசுப்பள்ளிப் பையன் என்று அவனுக்கு வேறு பெயர்களும் இருக்கின்றன. அவனைப் பார்த்துச் சிரிப்பது அப்படியொன்றும் குற்றமற்ற சிரிப்பில்லை.

இந்தக் குறிப்புகள் அந்தப் பையன் பக்கம் நின்று எழுதப்படுகின்றன. அவன் ஏன் பசுவை மனப்பாடம் செய்ய வேண்டி வந்தது என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. அந்த வரலாற்றைப் பார்க்காமல் 'ஆங்கிலம் வேண்டுமா, வேண்டாமா' என்று மட்டும் நாம் நடத்திவரும் விவாதம் பாதி விவாதம்தான். ஆங்கிலத்தில் என்ன எழுத வைக்கிறார்கள், யாருடைய குரலில் எழுத வைக்கிறார்கள் என்பது மீதிப் பாதி.

2

'எஸ்ஸே' என்ற சொல்லின் பிரெஞ்சு மூலத்துக்கு முயன்று பார்த்தல், சோதித்துப் பார்த்தல் என்று பொருள். 1580இல் மோன்தேய்ன் தன் நூலுக்கு அந்தப் பெயரை வைத்தபோது அதில் ஒரு பணிவும் இருந்தது, ஒரு துணிச்சலும் இருந்தது. எனக்கு முழுசாகத் தெரியாது, எழுதித்தான் பார்க்கிறேன் என்பது பணிவு. என் உடம்பு, என் பயம், என் ஞாபக மறதி இவையெல்லாம் எழுதத் தகுந்த விஷயங்கள் என்பது துணிச்சல். 1597இல் இங்கிலாந்தில் பேக்கன் பத்துக் கட்டுரைகளை அதே பெயரில் வெளியிட்டார். அங்கே தயங்கும் 'நான்' பின்வாங்கி, அறிவுரை சொல்லும் குரல் முன்னுக்கு வந்துவிட்டது. இந்தியக் கல்விக்கூடங்களுக்குக் கப்பலேறி வந்தது பெரும்பாலும் பேக்கன் குரல்தான். 19ஆம் நூற்றாண்டுப் பாடத்திட்டங்களில் பேக்கனும் அடிசனும் முன்மாதிரிகளாக உட்கார்ந்திருந்தார்கள்.

தமிழில் பழைய தலைமுறை இதை 'வியாசம்' என்றது. பிறகு 'கட்டுரை' நிலைத்தது. சிலப்பதிகாரத்தில் கட்டுரை காதை என்றே ஒரு காதை இருக்கிறது. அங்கே அது மதுராபதித் தெய்வம் கண்ணகியிடம் பேசும் பேச்சு, ஒருவர் இன்னொருவரிடம் சொல்வது. பள்ளிக்கூடத்துக்கு வந்த கட்டுரையில் இந்த உரை போய்விட்டது. கட்டு மட்டும் மிஞ்சியது. முளைக்குச்சியும் கயிறும்.

3

1834 ஜூன் மாதம் மெக்காலே சென்னையில் வந்து இறங்கினார். கவர்னர் ஜெனரல் பெண்டிங் அப்போது உதகமண்டலத்தில் இருந்ததால் பல்லக்கில் அங்கே போய்ச் சில மாதங்கள் மலையில் தங்கினார். பிறகு கல்கத்தா. 1835 பிப்ரவரி 2ஆம் தேதி அவருடைய புகழ்பெற்ற கல்விக் குறிப்பு. அதே ஆண்டு மார்ச் 7இல் பெண்டிங்கின் தீர்மானம். அந்தக் குறிப்பின் ஒன்றிரண்டு வாக்கியங்களைத் திட்டித் திட்டி நாம் ஓய்ந்து போயிருக்கிறோம். நான் சொல்ல வருவது வேறு. மெக்காலே அடிப்படையில் ஒரு கட்டுரையாளர். 'எடின்பரோ ரிவியூ' இதழில் எழுதிப் பெயர் வாங்கியவர். இந்தியாவிலிருந்து திரும்பியபின் 1840இல் கிளைவைப் பற்றியும் 1841இல் வாரன் ஹேஸ்டிங்ஸைப் பற்றியும் அவர் எழுதிய கட்டுரைகள் பேரரசை ஒரு வீரகதையாக்கின. இந்தியாவுக்கு ஆங்கிலக் கல்வியைத் தந்த மனிதருக்கு, கட்டுரை என்றால் ஒரு முடிவை அழகாக நிலைநாட்டும் வடிவம். முயன்று பார்ப்பதற்கு அங்கே இடமில்லை.

இதெல்லாம் மேலிருந்து திணிக்கப்பட்டது என்று மட்டும் சொன்னால் அது நமக்கு வசதியான வரலாறு. 1839இல் சென்னையில் ஆங்கிலக் கல்வி கேட்டு ஆளுநர் எல்ஃபின்ஸ்டனிடம் தரப்பட்ட மனுவில் ஏறத்தாழ 70,000 பேர் கையெழுத்திட்டிருந்தார்கள். 1844இல் ஹார்டிஞ்சின் தீர்மானம் ஆங்கிலம் படித்தவர்க்கு அரசு உத்தியோகத்தில் முன்னுரிமை தந்தது. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் வந்தது. உத்தியோகத்துக்கான வாசல் எங்கே இருந்ததோ அங்கே கூட்டம் கூடியது. வாசலில் நின்று சோதிப்பதற்குக் கட்டுரை ஒரு கருவியானது. மெக்காலே தலைமையிலான குழு 1854இல் பரிந்துரைத்து, 1855இல் லண்டனில் தொடங்கிய சிவில் சர்வீஸ் போட்டித் தேர்வில், கட்டுரை எழுதுவதையும் சேர்த்து ஆங்கிலப் பாடங்களுக்கு 1500 மதிப்பெண். சமஸ்கிருதத்துக்கு 375. தமிழுக்கு அங்கே என்ன இடம் இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அந்தக் காலத்து மாணவர் கட்டுரைகளே நமக்குச் சான்றாகக் கிடைக்கின்றன. சார்லஸ் கேமரன் 1853இல் பிரிட்டிஷ் பாராளுமன்றத்துக்கு எழுதிய நூலின் பின்னிணைப்பில் வங்காள மாணவர்களின் ஆங்கிலக் கட்டுரைகளைச் சேர்த்தார், நம் கல்வி பலித்துவிட்டது பாருங்கள் என்று காட்டுவதற்காக. கௌரி விஸ்வநாதன் 1989இல் வெளியிட்ட ஆய்வு இத்தகைய கட்டுரைகளின் பக்கம் நம் கவனத்தைத் திருப்பியது. நீராவிக் கப்பலால் ஐரோப்பாவோடு ஏற்பட்ட புதிய தொடர்பு இந்தியாவுக்கு என்ன விளைவைத் தரும் என்பது ஒரு தலைப்பு. இங்கிலாந்தோடு ஏற்பட்ட உறவால் இந்தியா பெறும் நன்மைகள் என்பது இன்னொரு தலைப்பு. கேள்விக்குள்ளேயே விடை உட்கார்ந்திருக்கிறது. நன்மையே இல்லை என்று ஒரு மாணவன் எழுதியிருந்தால் அவன் கட்டுரை பின்னிணைப்புக்குப் போயிருக்காது. நூறு வருஷம் கழித்து நம் காம்போசிஷன் நோட்டுகளில் ஏறிய 'விஞ்ஞானத்தின் நன்மைகள்', 'செய்தித்தாளின் பயன்கள்' எல்லாம் இந்தக் குடும்பத்துப் பிள்ளைகள்தான். தலைப்பு மாறியது. தலையாட்டும் விதி மாறவில்லை.

4

அடுத்து இலக்கணப் புத்தகம். ஜான் காலின்சன் நெஸ்ஃபீல்டு வடமேற்கு மாகாணங்கள், அவத் பகுதியின் கல்வித்துறையில் உயர் அதிகாரியாக இருந்தவர். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அவர் எழுதிய ஆங்கில இலக்கண, கட்டுரைப் பயிற்சி நூல்கள் இந்தியா முழுக்கப் பரவின. 1930களில் 'ரென் அண்ட் மார்ட்டின்' வந்து அந்த இடத்தைப் பிடிக்கும்வரை பள்ளிகளில் இலக்கணம் என்றால் நெஸ்ஃபீல்டு. நாம் அதிகம் கவனிக்காத இன்னொரு விஷயம், இதே நெஸ்ஃபீல்டு 1885இல் அந்த மாகாணங்களின் சாதி அமைப்பைப் பற்றியும் ஒரு நூல் எழுதியவர். சாதிகளைத் தொழில்வாரியாக வரிசைப்படுத்தி, தொழிலே சாதியின் மூலம் என்று வாதிட்டவர். சொற்களை இனம்பிரித்து அட்டவணையில் உட்கார வைத்த கையும், மனிதர்களை இனம்பிரித்து அட்டவணையில் உட்கார வைத்த கையும் ஒரே கை. இதை வைத்துப் பெரிய கோட்பாடு எதையும் நான் கட்டப் போவதில்லை. ஆனால் எதையும் வகைப்படுத்தி, அதற்குரிய கட்டத்தில் போட்டுவிட்டால் தெரிந்துகொண்டாயிற்று என்று நம்பிய ஒரு நிர்வாக மனம் நம் வகுப்பறைக்குள் வந்த வழி இது.

தேர்வு என்பது கண்காணிப்பையும் தரப்படுத்தலையும் ஒரே சடங்கில் முடித்துவிடும் நுட்பம் என்று ஃபூக்கோ 1975இல் எழுதினார். இங்கே அதைக் காலனிய அரசின் குழுவே வேறு வார்த்தையில் ஒப்புக்கொண்டிருக்கிறது. 1902இல் அமைந்த இந்தியப் பல்கலைக்கழகக் குழு, தேர்வு கற்பித்தலுக்குப் பணிவதற்குப் பதில் கற்பித்தல் தேர்வுக்குப் பணிந்து கிடப்பதையே ஆகப்பெரிய கேடாகச் சொன்னது. ஆக மனப்பாடம் குறித்த புலம்பலுக்கு நூறு வயசுக்கு மேல் ஆகிறது. புலம்பியவர்கள் யாரும் தேர்வைக் கைவிடவில்லை.

இந்த அமைப்புக்குள் மாணவன் போடும் கணக்கைப் பாருங்கள். சொந்தமாகப் பத்து வரி எழுதினால் பத்து வரியிலும் சிவப்பு மை விழும். கைடு தரும் பத்து வரியில் ஒரு பிழையும் கிடையாது. திருத்துகிறவர் கட்டு கட்டாக விடைத்தாள்களை வைத்துக்கொண்டு பிழையைத்தான் தேடுகிறார், யோசனையை யாரும் தேடவில்லை. அப்படியானால் புத்தியுள்ள பிள்ளை எதைச் செய்யும்? மனப்பாடம் என்பது மந்தபுத்தியின் அடையாளம் என்று சொல்வது தப்பு. அமைப்பைச் சரியாகப் படித்துவிட்டவர்களின் பதில் அது. கைடு என்கிற சரக்கும் அந்தப் பதிலிலிருந்துதான் முளைத்தது.

5

1930களின் இறுதியில் சென்னை மாகாண உயர்நிலைப் பள்ளிகளில் தாய்மொழி பயிற்றுமொழியாகத் தொடங்கியது. நல்ல காரியம். ஆனால் அதோடு சேர்ந்து நடந்த ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதுவரை வரலாறு, கணக்கு எல்லாம் ஆங்கிலத்தில் கேட்ட பிள்ளைக்கு ஆங்கிலம் நாள் முழுக்கக் காதில் விழுந்தது. இனி அது ஒரு பீரியடுக்குள் அடங்கும் பாடம். கேட்கும் நேரம் குறைந்தது, எழுதச் சொல்லும் கட்டுரை மட்டும் பழைய கட்டுரையாகவே நின்றது. அதே சமயம் இதுவரை வாசலுக்கே வராத சாதிகளின் பிள்ளைகள் பள்ளிக்கு வரத் தொடங்கினார்கள். இடைவெளியை நிரப்ப மனப்பாடத்தைத் தவிர அவர்களுக்கு எதைக் கொடுத்தோம்?

1950களில் இதற்கு ஒரு மருந்து வந்தது. 'ஸ்ட்ரக்சுரல் அப்ரோச்' என்ற வாக்கிய அமைப்பு முறை. அதைக் கொண்டுபோய்ச் சேர்க்க, 1950களின் இறுதியில் பிரிட்டிஷ் கவுன்சிலின் துணையோடு சென்னை மாநிலத்தில் ஒரு பெரிய பயிற்சி இயக்கம் நடந்தது. சிலருக்குப் பயிற்சி தந்து, அவர்கள் பலருக்குத் தந்து, அவர்கள் இன்னும் பலருக்குத் தந்து 27,000 ஆசிரியர்களை எட்டுவது திட்டம். உருள உருளப் பெருக்கும் பனிப்பந்து என்று கருதி இதற்கு 'மெட்ராஸ் ஸ்னோபால்' என்று பெயர். பனியே பார்க்காத ஊரில் பனிப்பந்து. இந்த முறையின் உளவியல் எளிமையானது. மொழி ஒரு பழக்கம், தவறும் பழக்கமாகிவிடும், ஆகவே தவறு செய்ய வாய்ப்பே தராதே. அமைப்புகள் கைவசமாகும்வரை பிள்ளை சுயமாக எழுதக்கூடாது, கட்டுப்படுத்தப்பட்ட பயிற்சிதான் எழுத வேண்டும். குறிப்புகளைக் கொடுத்து விரித்தெழுதச் சொல்லும் பழைய வழக்கத்துக்கு இப்போது ஒரு கோட்பாட்டு பலமும் கிடைத்துவிட்டது. முயன்று பார்த்தல் என்ற பொருளில் பிறந்த வடிவத்திலிருந்து முயற்சியைத் துப்புரவாக எடுத்துவிட்டார்கள், அதுவும் பிள்ளைகளின் நன்மைக்காக.

இதற்கு மாற்று நம் ஊரிலேயே முளைத்தது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. 1979 முதல் 1984 வரை என்.எஸ். பிரபு தன் நண்பர்களோடு பெங்களூர், சென்னை, கடலூர்ப் பள்ளிகளில் ஒரு சோதனை நடத்தினார். இலக்கண வரிசை கிடையாது. ரயில் அட்டவணை, வரைபடம், கணக்கு மாதிரியான சின்னச் சின்னப் புதிர்களைக் கொடுத்து ஆங்கிலத்தில் யோசிக்க வைத்தார்கள். மனசு பொருளில் இருக்கும்போது மொழி தானாகப் படியும் என்பது அவர்கள் நம்பிக்கை. தவறு நேர்ந்தால் போகிற போக்கில் சரியான வடிவத்தைச் சொல்லிவிட்டு மேலே போவார்கள். 1987இல் பிரபுவின் நூல் வந்தது. உலகெங்கும் மொழிக் கற்பித்தல் துறையில் 'பெங்களூர் புராஜெக்ட்' என்று இன்றும் பேசப்படுகிறது. அதற்கு வகுப்பறை தந்த நம் ஊரின் கேள்வித்தாளை அது அசைக்கவில்லை.

பிறகு 1978இல் மேல்நிலைக் கல்வி, 1980களில் பெருகிய மெட்ரிகுலேஷன் பள்ளிகள், 2010இல் சமச்சீர்க் கல்விச் சட்டம், 2018-19இல் மேல்நிலை வகுப்புகளில் மொழிப்பாடத்தின் இரண்டு தாள்கள் ஒன்றானது என எத்தனையோ மாற்றங்கள். ஒவ்வொன்றுக்கும் அதனதன் நியாயம் உண்டு. ஆனால் அரசுப் பள்ளியின் ஸ்பெஷல் கிளாஸுக்குள் போய்ப் பாருங்கள். 'மெல்லக் கற்போர்' என்று ஒரு பட்டியல் இருக்கும். அவர்களுக்கென்று நாலைந்து பக்கத்தில் ஒரு மினிமம் மெட்டீரியல் இருக்கும். 35 மார்க்குக்கான பசு அந்தப் பக்கங்களில் கட்டிக் கிடக்கும்.

6

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். நான் பத்தாவது படித்தது ஒரு சின்ன ஊர்ப் பள்ளியில். ஆங்கில சார் பத்துக் கட்டுரை குறித்துக் கொடுத்து, 'இதில் ஒன்று வராமல் போகாதுடா' என்றார். நல்ல மனிதர், எங்களை எப்படியாவது கரையேற்ற நினைத்தவர். வந்தது 'நான் சென்ற சுற்றுலா'. எங்கள் அப்பா எங்களைக் காரில் ஊட்டிக்கு அழைத்துப் போனார் என்று எழுதினேன். தாவரவியல் பூங்காவில் பூக்கள் சிரித்தன என்று எழுதினேன். அப்பா அந்த வருஷம் ரைஸ்மில்லில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். நான் ஜில்லாத் தலைநகரைத் தாண்டியதில்லை. கற்பனை செய்து எழுதினேன் என்றாலாவது பெருமைப்பட்டுக்கொள்ளலாம். அந்தக் காரும் கைடு வாங்கித் தந்த கார்தான். மெக்காலே 1834இல் தங்கியிருந்த மலைக்கு நானும் ஒருவழியாகப் போய்ச் சேர்ந்துவிட்டேன் என்று இப்போது தோன்றுகிறது.

அந்த விடைத்தாளில் நான் எத்தனை தடவை 'ஐ' என்ற எழுத்தை எழுதியிருப்பேன்! அதில் ஒன்றுகூட நான் இல்லை. நம் விமர்சன மொழியில் இதைத் தன்னிலைக் கட்டமைப்பு என்போம். வகுப்பறை மொழியில் சொன்னால், உன் வீடு எழுதத் தகுந்ததில்லை என்று ஒரு பிள்ளைக்குக் கற்றுக் கொடுப்பது. அதற்கு மார்க்கும் போடுவது. மூட்டை தூக்கும் அப்பாவுக்கான ஆங்கிலம் எந்தக் கைடிலும் இல்லை. ஆகவே அவர் பரீட்சை ஹாலுக்கு வெளியே நின்றார்.

தமிழ் படித்தவன் என்பதால் இதையும் சொல்லியாக வேண்டும். தமிழ்க் கட்டுரை இதைவிட யோக்கியமானது என்று நாம் மார்தட்ட முடியாது. முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்ற அச்சும், இடையிடையே செருகிய மேற்கோளும், 'எனவே நாமும் பாடுபடுவோமாக' என்ற கடைசி வரியும் அதே தேர்வுப் பட்டறையில் வார்த்தவைதான். நோய் மொழியைச் சேர்ந்தது இல்லை. ஆங்கிலத்தில் அது கூடுதலாகக் கொல்கிறது, அவ்வளவுதான். அங்கே பிள்ளைக்குத் திருப்பிப் பேச வார்த்தையும் இல்லை.

7

பள்ளிக் கட்டுரை என்றாலே இப்படித்தானா? இல்லை என்பதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. ஆங்கிலத்திலிருந்து அல்ல, மராத்தியிலிருந்து. சாவித்திரிபாய், ஜோதிராவ் புலே தம்பதியர் புனேயில் நடத்திய பள்ளியில் முக்தா சால்வே என்ற மாணவி படித்தாள். மாங் என்ற தீண்டப்படாத சாதியில் பிறந்தவள், வயது 14. மாங்குகளும் மகார்களும் படும் துன்பத்தைப் பற்றி அவள் எழுதிய கட்டுரை 1855இல் 'ஞானோதயா' இதழில் அச்சாயிற்று. வேதம் பிராமணருக்கு மட்டும் சொந்தம் என்றால் எங்கள் மதம் எது என்று அந்தப் பெண் கடவுளையே கேட்டாள். கேமரன் தன் பின்னிணைப்பை வெளியிட்டு இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. அங்கே விடை அடங்கிய கேள்விகள். இங்கே விடை தெரியாத கேள்வி. இரண்டுமே பள்ளிக் கட்டுரைகள்.

ஆங்கிலத்திலும் அது நடந்தது. 1936இல் லாகூர் ஜாத்-பாத் தோடக் மண்டல் மாநாட்டுக்காக அம்பேத்கர் தயாரித்த தலைமையுரையைப் படித்துப் பார்த்த அமைப்பாளர்கள் மாநாட்டையே ரத்து செய்தார்கள். அவர் அதைச் சொந்தச் செலவில் 1500 படிகள் அச்சிட்டார். 'சாதி ஒழிப்பு' இப்படித்தான் நமக்குக் கிடைத்தது. எஜமானர் மொழியில், எஜமானர் வடிவத்தில், எஜமானர்கள் கேட்கச் சகிக்காத ஒன்றை அவர் எழுதினார். ஆகவே ஆங்கிலமே அடிமைத்தனம் என்று சொல்லும் தமிழ்ப்பற்றுள்ள நண்பர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆங்கிலம் வந்தாலே விடுதலைதான் என்று சொல்லும் தோழர்களிடம் ஒன்றைக் கேட்க வேண்டியிருக்கிறது: மார்க்குக்காகக் கிடைக்கும் ஆங்கிலத்தில் நம் பிள்ளைகள் எதைச் சொல்லப் போகிறார்கள்? பெட்டிஷன் எழுதவும், எதிர்த்து வாதாடவும், தன் தெருவைப் பற்றிச் சாட்சி சொல்லவும் வராத ஆங்கிலம் வாசல்வரை கூட்டிப்போகும். உள்ளே போனபின் வாயடைத்து நிற்க வைக்கும்.

8

நண்பர் ஒருவர் ஒரு குடிசைப் பகுதியில் மாலை நேரப் பாடசாலை நடத்துகிறார். போனமுறை போயிருந்தபோது ஒன்பதாவது படிக்கும் ஒரு பெண்ணின் நோட்டைக் காட்டினார். பள்ளியில் 'மெல்லக் கற்போர்' பட்டியலில் இருக்கிறவள். 'நேற்று' என்று தலைப்புக் கொடுத்து என்ன வருகிறதோ எழுது என்றிருக்கிறார். 'மதர் கோ டேங்கர் லாரி. ஐ ஸ்டாண்ட் குடம். ஸ்கூல் லேட். மிஸ் ஸ்கோல்ட். ஐ நோ டெல் வாட்டர்.' ஐந்து வாக்கியம். நண்பர் சிவப்புப் பேனாவை எடுக்கவில்லை. 'எத்தனை குடம்? லாரி எத்தனை மணிக்கு வந்தது? ஏன் மிஸ்கிட்ட சொல்லலை?' என்று கேட்டார். மறுநாள் இன்னும் ஏழு வரி வந்தது. குடம் குடமாகவே இருந்தது. 'ஸ்டாண்ட்' எப்படியோ 'ஸ்டுட்' ஆகியிருந்தது.

இதைப் பெரிய கண்டுபிடிப்பாகச் சொல்லவில்லை. இத்தகைய பாடசாலைகள் நம் இயக்க நண்பர்கள் பலர் கையில் இருக்கின்றன என்பதால் சொல்கிறேன். அங்கேயும் நாம் கைடைத்தான் பிரிக்கிறோம், பாஸ் ஆகணுமே என்ற நியாயமான பயத்தால். கைடு ஒருபக்கம் இருக்கட்டும். வாரத்தில் ஒருநாள் மார்க் போடாத கட்டுரை நாளாக வைத்துக்கொள்ள முடியாதா? பிள்ளை முதலில் தமிழில் சொல்லட்டும், வார்த்தை வராத இடத்தில் தமிழ் வார்த்தையே நிற்கட்டும், நாம் பிழையைக் கேட்பதற்கு முன்னால் விஷயத்தைக் கேட்போம். எழுதியதை மற்ற பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டட்டும். இன்று கைபேசியிடம் தலைப்பைச் சொன்னால் ஒரு நிமிஷத்தில் பிழையில்லாத ஆங்கிலக் கட்டுரை வந்து விழுகிறது. யாருடையதும் இல்லாத அந்தச் சுத்தமான 'நான்'தான் கைடு இத்தனை காலமாகப் போய்ச் சேர நினைத்த இடம். அதோடு நம் பிள்ளை பிழையின்மையில் போட்டி போட முடியாது. குடத்தோடு தான் நின்ற கதையை அவளைவிட்டால் வேறு யாரும் எழுதவும் முடியாது.

கடைசியாக அந்தப் பையன். தென்னை மரத்தைப் பற்றி அவனுக்கு யாரும் எழுதித் தரவில்லை. கையில் இருந்தது ஒரே ஒரு பசு. நடுவில் ஒரு கயிறு வேண்டியிருந்தது. 'இந்த மரத்தில் ஒரு பசு கட்டப்பட்டிருக்கிறது' என்ற அந்த வாக்கியம் எந்தக் கைடிலும் இல்லை. அதை அவன்தான் யோசித்தான். அந்த விடைத்தாளில் முயன்று பார்த்த வாக்கியம் அது ஒன்றுதான். அதற்கு எத்தனை மார்க் போட்டார்கள் என்று கதையைச் சொன்ன யாரும் சொன்னதில்லை. நாம் போடுவதாக இருந்தால் எத்தனை போடுவோம் என்று நண்பர்கள் யோசித்துச் சொல்லலாம்.